குழுக் கடனைக் கடைசியில் வைத்தேன்

போன மாதம் எங்கள் கடன் ஆலோசனை மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. புதிய டேப்லெட் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் மேடம் என்றார்கள். போனேன். ஆலோசனைக்கு வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதில் முதல் கேள்வி: "உங்கள் மொத்தக் கடன் எவ்வளவு?" அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எர்ணாவூரிலிருந்து வந்த ஓர் அம்மா, "ஒரு ஒன்ற லட்சம் இருக்கும்" என்றார். ஆலோசகர் அதை அப்படியே அடித்துவிட்டு அடுத்த பக்கம் போனார்.

என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "அந்தத் தொகை தப்பு. மூன்று மடங்கு இருக்கும். அழிச்சுட்டு மறுபடி கேளு" என்றேன். அந்த அம்மா என்னை முறைத்தார். ஆலோசகரும் முறைத்தார். அரை மணி நேரம் கழித்துத் தொகை நான் சொன்ன மூன்று மடங்கையும் தாண்டிப் போயிருந்தது.

அதன் பிறகு, இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று கேட்டார்கள். "கொஞ்சம் கோபம் இல்லாம எழுதுங்க மேடம்" என்றும் சொன்னார்கள். அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

என் பெயர் பிலோமினா. சொந்த ஊர் ராயபுரம். நாற்பத்தொரு வயது வரை துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்ட் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனதும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரு வங்கி தன் செலவில் தண்டையார்பேட்டையில் கடன் ஆலோசனை மையம் திறந்தபோது விண்ணப்பித்தேன். எழும்பூரில் ஒரு ஹாலில் ஆறு நாள் பயிற்சி. தடியான புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. மாதா மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிற குடும்பம்தான் அதில் கடன்படும். தினக்கூலி வாங்குகிறவனுக்கு அதில் இடமே இல்லை. ஆனாலும் நான் அதை மனப்பாடம் செய்தேன். குமாஸ்தா புத்தி.

மையம் ஒரு மாவு மில்லின் மாடியில் இருந்தது. மில் ஓடும்போது மேசை நடுங்கும். அங்கே எனக்கு மேலே இருந்தவர் நசீர் சார். வண்ணாரப்பேட்டைக்காரர். வங்கியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். என்னைவிட ஆறு வயது சின்னவர். அதை அவர் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. என்னை வையும்போது நன்றாகவே வைவார்.

வருகிறவர்களிடம் மட்டும் அவர் வேறு ஆள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவே மாட்டார். நாற்காலியை இழுத்து வந்து அவர்கள் பக்கத்திலேயே போட்டுக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்க்க வேண்டும், எதிரெதிரே உட்கார்ந்தால் அது வங்கி என்பார். "கவலைப்படாதீங்க" என்ற வார்த்தையை எங்கள் மையத்தில் யாரும் சொல்லக் கூடாது. நான் ஒருமுறை ஓர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மா போனதும், "நீங்க அவங்களுக்குப் பதிலா வட்டி கட்டப் போறீங்களா? அப்புறம் எதுக்கு அந்த வாக்குறுதி?" என்று கேட்டார்.

மொத்தம் எவ்வளவு என்று அவர் யாரையும் கேட்டதே இல்லை. பென்சிலால் ஒரு தாளில் ஏழு கட்டம் போடுவார். திங்கள் முதல் ஞாயிறு வரை. "திங்கக்கிழமை உங்க வீட்டுக் கதவை யார் தட்டுறாங்க?" என்று ஆரம்பிப்பார். காலையா, சாயங்காலமா? வந்தால் உட்காருவாரா, வாசலிலேயே நிற்பாரா? நீங்கள் கதவைத் திறப்பீர்களா, பிள்ளையை விட்டு அம்மா இல்லை என்று சொல்லச் சொல்வீர்களா? இப்படியே ஞாயிறு வரை.

ஏன் இப்படி? மொத்தக் கடன் எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியாது. பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கிறவன் முட்டாள். வட்டிக்கு வட்டி ஏறிய தொகையை யார் கூட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்? ஆனால் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு யார் வருவார்கள் என்பது அவர்கள் உடம்புக்கே தெரியும். செருப்புச் சத்தத்தில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஏழு கட்டமும் நிரம்பும்போது கடனும் தானாக முழுசாக வெளியே வந்துவிடும்.

இப்போது செல்போன் கடன், ஆப் கடன் என்று வந்துவிட்டது, கதவை யாரும் தட்டுவதில்லை மேடம் என்கிறார்கள். அதனால் என்ன? கதவுக்குப் பதில் போன் என்று கேளுங்கள். யார் போன் அடிக்கிறது? உங்களுடையதா, உங்கள் அண்ணன் மனைவியுடையதா, நீங்கள் வேலை செய்கிற இடத்து சூப்பர்வைசருடையதா? கட்டம் அதே ஏழுதான்.

இவ்வளவும் தெரிந்தும் நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

காஞ்சனா திருவொற்றியூரிலிருந்து வந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவள் புருஷன் முருகேசன் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். ஒப்பந்தக்காரர் ஐந்து மாதமாக வேலைக்குக் கூப்பிடவில்லை. காஞ்சனா தன் தெருவிலேயே காலையில் இட்லி விற்கிறாள். ஒரு துணிப்பை நிறையக் காகிதம் கொண்டுவந்திருந்தாள். உட்கார்ந்ததும் அவள் சொன்னது இதுதான்:

"சார், நீங்க எந்த வழி வேணா சொல்லுங்க, செய்றேன். ஆனா தெருவ வுட்டுப் போன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க தெருவுலயே ரெண்டு குடும்பம் பூட்டுப் போட்டுக்கினு எங்கியோ பூட்டாங்க. எனக்கு அது முடியாது. என் யாவாரம் அங்கதான் கீது. வேற தெருவுல போயி குந்துனா எவ வாங்குவா?"

நசீர் சார் கட்டம் போட்டார். செவ்வாய் காலை பத்து மணி, குழுக் கடன். பத்துப் பெண்கள் சேர்ந்த குழு. ஒரு நிதி நிறுவனம் ஆளுக்கு நாற்பதாயிரம் கொடுத்திருக்கிறது. வாரம் தொள்ளாயிரம், ஐம்பது வாரம். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்டல்காரர். இருபதாயிரம் என்று எழுதிக்கொண்டு மூவாயிரத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு பதினேழாயிரம் கையில் கொடுத்தவர். தினம் இருநூறு வாங்குகிறார். கொஞ்ச நாள் விட்டுப்போனதும் அபராதம் போட்டார். அடமானமாக முருகேசனின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். ஐந்தாம் தேதி, மாவு வைக்க வாங்கிய ஃபிரிட்ஜின் தவணை. வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பும் ஒவ்வொரு தடவையும் தனி அபராதம்.

வெள்ளிக்கிழமைக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. நசீர் சார் பென்சிலால் அந்தக் கட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

"வெள்ளிக்கிழமை யாரும் வர்றதில்லையாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப நீங்க எங்க போறீங்க?"

காஞ்சனா என்னைப் பார்த்தாள். புருஷன் கீழே மில் வாசலில் நிற்கிறான் என்று கையால் காட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். மீஞ்சூரில் இருக்கும் நாத்தனாரிடம் இரவலாக ஒரு செயின் வாங்கி அடகு வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் போய் நாத்தனாரைச் சமாதானப்படுத்திவிட்டு வருகிறாள். முருகேசனுக்குத் தெரியாது.

நானாக இருந்தால் காலிக் கட்டத்தை நல்ல நாள் என்று விட்டிருப்பேன்.

மறுநாள் நசீர் சார் வங்கித் தலைமை அலுவலகத்துக்கு நான்கு நாள் கூட்டத்துக்குப் போய்விட்டார். திட்டம் போடுகிற வேலை என்னிடம் வந்தது. எந்தத் திட்டமானாலும் அவர் பார்த்து ஒரு டிக் போட்ட பிறகுதான் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. காஞ்சனா அன்றைக்கே வந்து நின்றாள். நான் காத்திருக்கச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்ற திமிர்.

புத்தகம் சொன்ன வரிசை எனக்கு மனப்பாடம். சாப்பாடு, வாடகை, கரண்ட் முதலில். பிறகு பொருளோ நகையோ அடமானத்தில் இருக்கிற கடன். எந்த அடமானமும் இல்லாத கடன் கடைசியில். அதைக் கட்டாவிட்டால் கடன் கொடுத்தவன் எடுத்துக்கொண்டு போக எதுவும் இல்லை. இதன்படி வரிசை போட்டேன். லைசென்ஸ் மாட்டியிருக்கிற தண்டல், அடகுச் செயின், ஃபிரிட்ஜ். கடைசியில் குழுக் கடன்.

"குழுவுக்கு இரண்டு மாசம் கட்டாதே. அந்தத் தொகையைத் தண்டலுக்குத் திருப்பி லைசென்ஸை எடு. அவன் வேலைக்குப் போனதும் குழுவுக்குக் கட்டிக்கலாம்."

"மேடம், குழுவுல..." என்று ஆரம்பித்தாள்.

"கம்பெனிக்காரன் ஒன்னும் பண்ண முடியாது. நோட்டீஸ் அனுப்புவான், என்கிட்ட கொண்டு வா."

"அதில்ல மேடம், அங்க அக்காலாம்..."

"நான் சொல்றத செய்."

இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் நான் மூடிவிட்டேன். தாளில் எழுதி, மைய முத்திரை வைத்து, அவள் கையில் கொடுத்தேன். நசீர் சார் திரும்பி வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவருக்குக் காட்டவில்லை. அவருக்கும் அந்த வாரம் முழுக்கத் தலைக்கு மேல் வேலை.

பதினைந்து நாள் கழித்து காஞ்சனா வந்தாள். மாடிப்படியில் ஏதோ கனமான பொருளை இடித்து இடித்துத் தூக்கி வருகிற சத்தம் கேட்டது. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பக்கெட். அதை நேராக என் மேசை மேல், ஃபைல்கள் மேலேயே வைத்து மூடியைத் திறந்தாள். மாவு பொங்கி வழிந்து புளிப்பு நாற்றம் அறை முழுக்க அடித்தது.

"இந்தா மேடம். நேத்து மாவு. முந்தாநேத்து மாவும் இதுலதான் கீது. நீயே இட்லி ஊத்தி வித்துக் குடு."

அறையில் வேறு நான்கு பேர் காத்திருந்தார்கள்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றேன். கோபத்தில் எனக்கும் ராயபுரம் வாய்க்கு வந்துவிடும்.

"இன்னா ஆச்சா? நீ இன்னா எழுதிக் குடுத்தியோ அதான் ஆச்சு. நா கட்டலன்னா அந்தத் துட்ட யார் கட்டுவான்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயிற்சியில் ஒரே ஒரு வரியில் வந்திருக்கும். நான் படித்துமிருப்பேன். குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் அந்தத் தவணையைப் போட்டுக் கட்ட வேண்டும். குழுத் தலைவி குணா அக்கா வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே செவ்வாய்தோறும் கூட்டம். ஒன்பதாயிரம் முழுசாக எண்ணிக் கையில் வரும்வரை வசூல்காரர் எழுந்திருக்க மாட்டார். யாரையும் எழுந்திருக்கவும் விட மாட்டார். காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறவள், கம்பெனியில் கூட்டிப் பெருக்கப் போகிறவள், எல்லாரும் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அரை நாள் கூலி போனது. போதாததற்கு ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு இவள் தவணையைக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த செவ்வாயும் அதே கதை.

"மொத வாரம் யாரும் ஒன்னும் சொல்லல மேடம். ரெண்டாவது வாரம் குணா அக்கா கேட்டுச்சு, ஏண்டி, வூட்ல துட்டு கீதா இல்லியான்னு. நீ சொன்ன தாள எடுத்துக் காட்டுனேன். இத்தப் பாரு, ஆபீஸ்ல கட்ட வேணாம்னு சீல் குத்திக் குடுத்துகிறாங்கன்னேன். அவ்ளோதான். அடுத்த நாள் காலீல ஒரு ஈ காக்கா என் அடுப்பாண்ட வரல. ஒன்பது வூடு, அவங்க சொந்தக்காரங்க வூடு, யாரும் வாங்கல. கொழாய்ல என் கொடத்த எடுத்து பின்னால வச்சிட்டாங்க. நா தெருவ வுட்டுப் போவ மாட்டேன்னு சொன்னேனே மேடம். தெருவே என்ன வுட்டுப் போச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நசீர் சார் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். பக்கெட்டைத் தூக்கிக் கீழே வைத்தார். பக்கெட்டுக்கு அடியில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மாவைத் துடைத்தார். பிறகு நான் கொடுத்த திட்டத்தை காஞ்சனாவிடமிருந்து வாங்கிப் படித்தார். அதில் அவருடைய டிக் இல்லை. டிக் இருக்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் ஒரு தட்டுத் தட்டினார். பத்து வார்த்தை வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தண்டல்காரர்கிட்ட நான் பேசறேன். செவ்வாய் பத்து மணிக் கூட்டத்துக்கு நீங்க போங்க" என்றார்.

"நீங்களும் வந்தா நல்லா இருக்கும் சார்."

"சீல் குத்தினது யாரு?"

தண்டல்காரரை அவர் மையத்துக்கே வரவழைத்தார். இரண்டு ஆட்களோடு வந்தார். நசீர் சார் தன் வழக்கப்படி நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தாளில் எழுத ஆரம்பித்தார். கையில் கொடுத்தது பதினேழாயிரம். இதுவரை வாங்கியது இருபத்துமூவாயிரம். காஞ்சனா காலண்டரில் போட்டு வைத்திருந்த கோடுகளை எண்ணித்தான் அந்தத் தொகை வந்தது. இன்னும் பதினாலாயிரம் பாக்கி என்றார் தண்டல்காரர்.

"சரி அண்ணே. அந்தப் பதினாலாயிரம் எப்படி வந்துச்சுன்னு இதுல எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. லைசென்ஸ வாங்கி வச்சிருக்கிறதையும் எழுதுங்க."

"கையெழுத்துல்லாம் இன்னாத்துக்கு சார்? வாய்ப் பேச்சுதான் நம்ம தொழிலு."

"கந்துவட்டிச் சட்டத்துல கேட்டா நான் வாய்ப் பேச்சக் காட்ட முடியாதுல்ல. அதான்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. தண்டல்காரர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். நான்காயிரத்தை இரண்டு தவணையில் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்வதாகச் சொன்னார். முதல் இரண்டாயிரம் கட்டிய அன்றைக்கே லைசென்ஸ் மேசைக்கு வந்தது. அதற்குக் குழுத் தவணையை நிறுத்த வேண்டியதே இல்லை. நான்கு நாள் பொறுத்திருந்தால் அவர் என்னிடம் இதைச் சொல்லியிருப்பார்.

செவ்வாய்க்கிழமை நான் போனேன். தார்ப்பாய்க்குக் கீழே ஒன்பது பெண்கள், கொஞ்சம் தள்ளி சுவரை ஒட்டி காஞ்சனா. வசூல்காரர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்திருந்தார். என்னைப் பார்த்ததும் குணா அக்கா தலையிலிருந்து கால்வரை அளந்தாள். ஐம்பது வயதுக்காரி, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய தொண்டை.

"வாம்மா சீல் மேடம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார இடம் தேடினேன். யாரும் நகரவில்லை. நின்றுகொண்டே பேசினேன்.

"கட்ட வேண்டாம்னு சொன்னது நான். காஞ்சனா ரெண்டு தடவை சொல்ல வந்துச்சு, நான் கேக்கல. உங்க ஒன்பது பேரை நான் யோசிக்கவே இல்ல. தப்பு என்னோடது."

"உனுக்கு இன்னா மேடம், சொல்லிட்டு பூடுவ. இறால் கம்பெனில எனக்கு ரெண்டு நாள் ஆப்சென்ட்டு. அந்தக் கூலிய நீ குடுப்பியா?" என்றாள் ஒருத்தி.

"நம்ம ஆளு ஒருத்தி டபாய்ச்சான்னா கூட மனசு ஆறும். ஆபீஸ்ல குந்திக்கினு கட்டாதன்னு எழுதிக் குடுக்குறதுக்கு உனுக்கு சம்பளம் வேற குடுக்குறானா?" என்றாள் இன்னொருத்தி.

கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கும் வாய் உண்டு. ராயபுரத்தில் பிறந்தவள் நான். ஆனால் அன்று அந்த வாய்க்கு வேலை இல்லை என்று தெரிந்தது. அவர்கள் ஓய்ந்ததும் புதிய திட்டத்தைப் படித்தேன். இதில் நசீர் சாருடைய டிக் இருந்தது. இனி செவ்வாய்த் தவணைதான் முதலில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. முருகேசன் லைசென்ஸோடு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். நீங்கள் போட்ட ஆளுக்கு இருநூறு ரூபாயை மூன்று மாதத்தில் மாதம் கொஞ்சமாகத் திருப்பித் தருவாள்.

"மூணு மாசமா?" என்றாள் குணா அக்கா. "எதுல தருவா? அவளாண்டதான் இட்லி விக்கலியே."

"நீங்க வாங்கினா விக்கும்" என்றேன். வாய் முந்திக்கொண்டுவிட்டது.

நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். குணா அக்கா சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"ஏய் காஞ்சனா. ஒரு இட்லி எவ்ளோ?"

"அஞ்சு ரூவா. உனுக்குத் தெரியாதாக்கா?"

"ஆளுக்கு எரநூறுன்னா நாப்பது இட்லி. ஒரு நாளைக்கு நாலுன்னா பத்து நாளு." மற்றவர்களைப் பார்த்தாள். "இன்னாங்கடி? துட்டா குடுக்குறேன்னா இவ எப்ப குடுக்குறது, நாம எப்ப வாங்குறது. நாஷ்டாவா வாங்கிக்கலாம். சட்னிக்குத் தனியா எவளும் துட்டு குடுக்காதீங்க."

"கெட்டி சட்னியா வெச்சா நா ஒத்துக்கினேன்" என்றாள் இறால் கம்பெனிக்காரி. "போன மாசம் தண்ணி மாதிரி இருந்துச்சு."

"உன் புருஷன் நாலு தபா கேட்டு வாங்கி ஊத்திக்குவான், அப்பால தண்ணி ஊத்தாம இன்னா பண்றது?" என்றாள் காஞ்சனா.

அந்த ஒரு வாரத்தில் அவள் தெருவில் வாயாடிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். வசூல்காரர் நோட்டை மூடிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பதாயிரம் ஆச்சுங்களா?" என்றார். ஆகியிருந்தது. காஞ்சனாவின் தொள்ளாயிரமும் அதில் இருந்தது.

இந்த யோசனை என்னுடையது அல்ல. பிறகு மையத்து அறிக்கையில் 'ஆலோசகரின் முயற்சியால்' என்று எழுதினார்கள். அடித்துத் திருத்தச் சொன்னேன், திருத்தவில்லை. இப்போது சொல்கிறேன். கடனை இட்லியாக வாங்குவது என்று முடிவு செய்தது அந்தத் தெரு. ஒன்பது பெண்களும் காலையில் தட்டோடு வந்து நின்றதைப் பார்த்துத்தான் மற்ற வீடுகளும் வந்தன. என் முத்திரையால் அது நடந்திருக்காது.

முருகேசனுக்கு அத்திப்பட்டுப் பக்கம் சாம்பல் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. டேங்கரைவிடச் சம்பளம் குறைவு, ஆனால் வாரா வாரம் வந்தது. செயின் விஷயத்தை காஞ்சனாவே அவனிடம் சொன்னாள். மூன்றாம் நாள் தானே மீஞ்சூருக்குப் போய் அக்காவிடம் தவணை சொல்லிவிட்டு வந்தான். ஃபிரிட்ஜ் கம்பெனிக்கு நான் ஐந்து கடிதம் எழுதினேன். அபராதத்தில் பாதியைத் தள்ளினார்கள். மீதிப் பாதியைத் தள்ளாததற்கு இன்றைக்கும் எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம்தான்.

நசீர் சாரிடம் எங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே: 'இதைக் கட்டாவிட்டால் அந்தப் பணத்தை யார் கட்டுவார்?' தலைமை அலுவலகம் படிவத்தை மாற்ற முடியாது என்றது. நாங்கள் கையால் எழுதினோம். நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு தாளிலும் கையால்தான் எழுதினேன். உங்கள் டேப்லெட்டில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். வாயால் கேளுங்கள். பதில் சொல்ல வாயைத் திறப்பவர்களை நடுவில் மறிக்காதீர்கள்.

காஞ்சனாவின் ஐம்பதாவது வாரத்துக்கு என்னையும் கூப்பிட்டாள். இந்தத் தடவை உட்கார இடம் கொடுத்தார்கள். கடைசித் தொள்ளாயிரத்தை வைத்ததும் வசூல்காரர் முகம் முழுக்கச் சிரிப்போடு ஒரு தாளை நீட்டினார். ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு அடுத்த கடன் அறுபதாயிரமாம். கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம். வாயைத் திறக்கப் போனேன். காஞ்சனா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு வேணாம் சார்."

"அப்ப உங்க பேரு லிஸ்ட்ல இருந்து போயிடும்மா. குழுவுல இருக்க மாட்டீங்க."

"லிஸ்ட்ல இல்லன்னா போவுது. செவ்வாக்கெழம நா இங்க வந்து குந்துவேன். குந்தறதுக்கு உன் லிஸ்டு வேணுமா இன்னா?"

சும்மா பேச்சு என்று நினைத்தேன். கடன் முடிந்த குடும்பத்தை நாங்கள் மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பது வழக்கம். போனேன். சாதம் வடித்துக்கொண்டே சொன்னாள். முந்தின செவ்வாய் இறால் கம்பெனிக்காரியின் புருஷனை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். அவளால் புதுக் கடன் தவணை கொண்டுவர முடியவில்லை. மற்றவர்கள் ஆளுக்கு நூற்றைம்பது போட்டார்கள். காஞ்சனாவும் நூற்றைம்பது போட்டாளாம்.

கடன் இல்லாத ஒருத்தி, கையெழுத்துப் போடாத ஒருத்தி, அடுத்தவள் கடனுக்குப் பணம் போடுகிறாள். என் இத்தனை வருட வேலையில் இதைச் செய்யாதே என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அங்கேயே நின்று கத்தினேன். உனக்கு இப்போதுதான் மூச்சு வந்திருக்கிறது, ஃபிரிட்ஜ் தவணை பாக்கி இருக்கிறது, சட்டப்படி நீ ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை என்றெல்லாம் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

காஞ்சனா கஞ்சியை முழுசாக வடித்து முடித்தாள். பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கத்துறதுன்னா கத்திக்கோ மேடம். கட்டியாச்சு."